வலது பாக்கெட்

லோகநாயகி உப்பு முடிச்சை முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு கழுத்தில், பிறகு மணிக்கட்டின் உள்பக்கத்தில். மகள் நிஷாந்தி கைக்குழந்தையாக இருந்தபோது பாலை அங்கேதான் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள், அங்கே சுடவில்லை என்றால் எங்கேயும் சுடாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஆனாலும் மனசு ஆறாமல் இன்னொரு தடவை கன்னத்தில். கல் உப்பை வாணலியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் கட்டியிருந்தாள். அதைத் தான் போட்டிருந்த கோட்டின் வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை வாசல் படியை ஒட்டி நிறுத்தி ஏறி உட்கார்ந்து, "வாங்க" என்றாள். கணவர் ராஜரத்தினம் தன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன சாமானைக் கொண்டுவருவது போல. படியில் நின்று காலைத் தூக்கிப் போட்டு ஏறினார், பின்னாலிருந்து அந்தக் கையை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து பாக்கெட்டுக்குள் விட்டார். கோட் அவருடையதுதான். பதினெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியபோது போட்ட கம்பளிக் கோட், ஆளை விழுங்குகிற அளவுக்குப் பெரிசு, பாக்கெட்டில் டார்ச்சும் டிபன் பாக்ஸும் ஒன்றாகப் போகும். "உள்ள போயிருச்சா?" என்று கேட்டார். தன் கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அவருக்குத் தெரியாது. "போயிருச்சு" என்றாள் லோகநாயகி, தொட்டுப் பார்த்துவிட்டு.

மணி ஆறே முக்கால், கோத்தகிரி இன்னும் எழுந்திருக்கவில்லை, எழுந்தவர்களும் கம்பளிக்குள்ளேதான் இருந்தார்கள். நெஞ்சுக்கு ரெண்டு பேப்பர், முதுகுக்கு ஒண்ணு, ஸ்வெட்டருக்குள்ள, சட்டைக்கு வெளியில, அப்பத்தான் காத்து ஏறாது, என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தது. சாக்ஸுக்கு மேல் மளிகைக்கடை கவர், அதற்கு மேல் ஷூ. ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லா. நடக்கும்போது இரண்டு பேரும் சரசரவென்று சத்தம் போட்டார்கள், பொட்டலம் கட்டின மாதிரி. இவ்வளவும் செய்தாலும் குளிருக்கு வழி தெரியும், கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி போதும் அதற்கு, அங்கே நுழைந்து முழங்கை வரை ஏறி அக்குளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு முழங்கால் சில்லு. முழங்கால் இருப்பதே இந்த மாதிரிக் காலையில்தான் தெரிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டால் தாடை வலிக்கிறது, விட்டால் பல் தந்தியடிக்கிறது. ரோட்டுக்குக் கீழே கேரட் தோட்டமெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது, யாரோ ஊர் முழுக்க வேட்டி உலர்த்திவிட்டு எடுக்க மறந்த மாதிரி. அவருக்குக் குளிருமே, இடது பக்கம் முழுக்கக் குளிருமே, வலது பக்கம், வலது பக்கத்தை விடு, ரோட்டைப் பார். ரோட்டைப் பார்த்தாள். உப்பின் சூடு கோட்டையும் ஸ்வெட்டரையும் தாண்டி இடது பக்கத்துக்கு வரவில்லை, வலது வயிற்றில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, அதன் மேல் அவர் கையின் கனம்.

சூடு அதிகமோ. கன்னத்தில் சுடவில்லை, சரி, ஆனால் கன்னம் வெளிக்காற்றில் இருந்தது, மரத்துப்போயிருந்தால்? மரத்த கன்னத்தை நம்பி மரத்த கைக்குச் சூடு வைத்துவிட்டேனா? அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அடுப்படியில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார், நிஷாந்தி திருப்பூரில் வீடு மாற்றப்போகிறாள், அதைப் பற்றித்தான் பேச்சு, பேசிக்கொண்டே வலது கையைக் கெட்டிலின் மேல் ஊன்றிக்கொண்டார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிவைத்த கெட்டில், மேடை என்று நினைத்திருப்பார். பேச்சு நிற்கவில்லை. முகம் மாறவில்லை. மாடி வீடாப் பாக்கச் சொல்லு, தண்ணி வருமான்னு கேக்கச் சொல்லு, என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவள்தான் என்னவோ வாடை வருதே என்று திரும்பினாள். அந்த வாடை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளால் கருவாடு சுட முடியவில்லை. கையைத் தண்ணீரில் பிடித்து வைத்துக்கொண்டு அவள் அழுதபோது அவர் கையை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வலிக்கல புள்ள, நீ ஏன் அழுவற" என்றார், அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார், அதைவிடப் பெரிய அடி அவளுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

சுட்டதும் தெரியாது, குளிர்ந்ததும் தெரியாது. டிசம்பரில் சிகிச்சைக்குக் கையுறை போட்டுத்தான் அவரைக் கூட்டிப்போனாள். ஊட்டியில் போய் இறங்கினால் இடது கையில் கையுறை இருக்கிறது, வலது கையில் இல்லை, எந்த வளைவில் கழன்று விழுந்ததோ அவருக்குத் தெரியவில்லை, விரல்களெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்து நகம் நீலமாக இருந்தது. பிசியோதெரபி செய்கிற பெண் ஜெசிந்தா, நிஷாந்தி வயசுதான் இருக்கும், திட்டவில்லை, திட்டியிருக்கலாம், அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அங்கிள் கைக்கு நீங்கதான் மூளை" என்றாள். அன்றிலிருந்து பாக்கெட். பஸ்ஸில் போகலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். நவம்பர் வரை பஸ்தான். வளைவில் நிற்க ஒரு கை போதவில்லை, ஒருநாள் மொத்தப் பஸ்ஸும் பார்க்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மடியில் போய் விழுந்தார். பதினெட்டு வருஷம் அதே வளைவுகளில் லோடு ஏற்றி ஓட்டின மனுஷன். மறுநாள் சொன்னார், "நீ நிஷாந்திகிட்டப் போயிரு லோகா. உனக்கு இன்னும் வயசிருக்கு." நாற்பத்தெட்டு வயசுக்காரியிடம் சொல்கிற பேச்சா அது. அவள் தான் வேலை பார்க்கிற தேயிலை ஃபேக்டரி முற்றத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள், தூள் சலிக்கும் இடத்தில் கூட வேலை செய்கிறவளின் ஸ்கூட்டரை வாங்கி, "சொல்லிக்குடுங்க" என்றாள். மூன்று வாரம். பிரேக்கைக் கொத்தாகப் பிடிக்காதே, வளைவுக்கு முன்னால் பார்க்காதே, வளைவுக்கு அப்பால் பார். நாற்காலியிலிருந்தபடி அவர் இடது கையை அசைத்து அசைத்து அவளைத் திருப்பினார். அந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட, நிஷாந்திகிட்டப் போயிரு என்று சொல்லவில்லை.

"லெஃப்ட்ல ஒதுங்கு, பால் வண்டி" என்றார் பின்னாலிருந்து. ஒதுங்கினாள். ஆறு மாசம். ஜூலையில் பக்கவாதம் வந்தது, கால் ஆகஸ்டிலேயே தேறிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது, விரல்கூட மடங்குகிறது, பிடிக்கிறது, ஆனால் பிடித்தது தெரிவதில்லை. ஆறு மாசத்துக்குள்ள உணர்ச்சி திரும்பணும்மா, அதுக்கப்புறம் வராதுன்னு இல்ல, ஆனா எதிர்பார்க்க முடியாது, என்றார் டாக்டர். அந்த ஆறு மாசம் இந்த வாரத்தோடு முடிகிறது. இன்றைக்கு எட்டரைக்கு ஜெசிந்தா கண்ணைக் கட்டி உட்காரவைத்து, பஞ்சு, ஊசி, ஐஸ் தண்ணீர்க் குழாய், வெந்நீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக வைத்து, தெரியுதா, எது, எங்க, என்று கேட்கப்போகிறாள். முதல் தடவை டாக்டர் ஊசியால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டபோது அவர் கையைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற லோகநாயகியின் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு, "தெரியுது" என்றார். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு வெறுமனே, "இப்ப தெரியுதா?" என்றார். மறுபடி அவள் முகம். "தெரியுது." அம்மா நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, என்றார் டாக்டர். வராந்தாவில் நின்றுகொண்டு அவள் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள், அப்படி என்ன இருந்தது அதில், என்ன கேட்டது அது அவரிடம்.

வழியில் கட்டபெட்டில் டீக்கடை திறந்திருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தி அவரை இறக்கிச் சுவர் ஓரம் நிற்கவைத்தாள். உப்பு முடிச்சு ஆறிப்போயிருந்தது, அதை எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டு டீ வாங்கப் போனாள். திரும்பி வருவதற்குள் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் சுவரில் சாய்ந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது மாதிரி, "கை குளிருது" என்றார்.

"எந்தக் கை?"

"இது." தாடையால் வலது கையைக் காட்டினார். அது காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள். டீயை இடது கையில் கொடுத்தாள். இவள் குடித்தாள், அவர் குடித்தார், கிளாஸைக் கொடுத்துவிட்டு ஏறினார்கள், அவர் கையை அவளே எடுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டாள். வண்டி அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சரி என்றா சொன்னேன்? ஆறு மாசமாக எதற்குக் காத்திருந்தேனோ அது வந்து பக்கத்தில் நின்று வாயைத் திறந்து பேசியிருக்கிறது, நான் சரி என்று டீயை நீட்டியிருக்கிறேன். இல்லை, பொறு, பறக்காதே. பொய்யாக இருக்கும். நேற்று ராத்திரி நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார், ஆறு மாசத்தை எண்ணுகிறாள் என்று தெரிந்திருக்கும், பாவம் கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்று சொல்லியிருப்பார். சாப்பிட்டாயிற்றா என்றால் சாப்பிட்டாயிற்று என்பார், பானையைத் திறந்து பார்த்தால் சோறு அப்படியே இருக்கும், இவள் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடட்டும் என்று. அவர் பொய்யெல்லாம் அந்த ஜாதி. ஒன்றுகூட அவருக்காகச் சொன்னது கிடையாது. அதனால்தான் கண்டுபிடித்தாலும் சண்டை போட முடிவதில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தாரா? இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதலில் சொல்லும்போது ரோட்டை. எந்தக் கை என்று நான் கேட்டபோது? திரும்பினார், திரும்பினாரா, தாடையைத்தான் அசைத்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அதன் கண்ணாடியைத் தூக்கியதே பிறகு டீ குடிக்கும்போதுதான். அவர் சொன்னபோது கண்ணாடியில் என் மூச்சு படிந்து வெள்ளையாக இருந்தது, டீக்கடைக்காரர்கூட என்னை ஆம்பளை என்று நினைத்து, "அண்ணே, எத்தனை டீ?" என்றார். அப்படியென்றால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. முகம் தெரியாமல் சொல்லியிருக்கிறார். முகம் தெரியாவிட்டால் என்ன, இருபத்தேழு வருஷமாகப் பார்த்த முகம், கண்ணாடிக்குப் பின்னால் எப்படி இருக்கும் என்று தெரியாதா. கேட்டுவிடலாம். நிஜமாவா என்று கேட்டுவிடலாம். கேட்டால் நிஜமாகத்தான் என்பார், கேள்வியிலேயே என் ஆசை இருக்குமே, அதற்கு எதிராக அவர் என்றைக்குப் பேசினார். கேட்கக் கூடாது. கேட்காமல் இருந்தால்? குளிருது என்று சொன்ன மனுஷனுக்குச் சரி என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு, நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரே, நிஜமாகவே குளிர்ந்திருந்தால், ஆறு மாசம் கழித்து முதல் தடவை ஒரு கை குளிர்ந்திருந்தால், அதைச் சொன்னபோது பெண்டாட்டி டீ குடித்தாள் என்று.

வயிற்றின் மேல் அந்தக் கை இருந்தது. தொட்டபெட்டா நோக்கி ரோடு ஏற ஏற மூடுபனி இறங்கி வந்து முதலில் மரங்களை எடுத்துக்கொண்டது, பிறகு கைப்பிடிச் சுவரை, கடைசியில் ரோட்டிலேயே பத்தடிதான் மிச்சம். ஸ்கூட்டரின் வெளிச்சம் பனியில் மோதி அவள் முகத்துக்கே திரும்பியது. வளைவுக்கு அப்பால் பார், வளைவுக்கு அப்பால் பார், அப்பால் ஒன்றுமில்லையே. அதனால் பனிக்குள் ஒரு இடம் மற்ற இடங்களைவிடக் கறுப்பாக இருந்தபோது அது பாறை என்று நினைத்தாள். பாறை தலையைத் திருப்பியது. பிரேக்கைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள், பின் சக்கரம் ஒரு சாண் வழுக்கி நின்றது. ஒற்றைக் காட்டெருமை, முழங்கால் வரை வெள்ளை, ரோட்டின் குறுக்கே, அதன் மூச்சு ஆவியாக இவள் பக்கம் வந்தது. ஒற்றைதான் ஆபத்து என்பார்கள். போன மழையில் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணை. அதை நினைக்காதே. தள்ளிவிட்டால் வண்டியோடு விழுவோம், வலது பக்கம் விழுந்தால் அவர் கை பாக்கெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், எடுக்கத் தெரியாது, உடைந்தாலும் தெரியாது, இடது பக்கம் சாய்க்க வேண்டும், விழுவதென்றால் இடது பக்கம். தன் தலையைப் பற்றி அவள் அதுவரை நினைக்கவில்லை. "ஹாரன் வேண்டாம்" என்றார் பின்னாலிருந்து, மெதுவாக, ஃபேக்டரி முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது போலவே. "இன்ஜின் ஓடட்டும். நீ ஒண்ணும் செய்யாத. அதுக்கும் குளிருது, போயிரும்." லோகநாயகி ஒன்றும் செய்யாமல் இருந்தாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது அவளுக்கு இந்த ஆறு மாசத்தில் மறந்தே போயிருந்தது. அவர் நெஞ்சு அவள் முதுகில் சாய்ந்தது, இரண்டு பேரின் பேப்பரும் நசுங்கிச் சத்தம் போட்டன, பிறகு அதுவும் அடங்கியது. அவர் மூச்சு அவள் கழுத்துப் பக்கம் ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவில் நுழைந்தது, வெதுவெதுப்பாக, டீ வாசனையோடு. எருமை அவர்களை நெடுநேரம் பார்த்தது. அல்லது ஒரு நிமிஷம். பிறகு இவர்களில் சுவாரசியம் போன மாதிரி மேட்டில் ஏறித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது, செடிகள் முறியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"போலாமா?" என்றாள். "போலாம்" என்றார். "பிரேக் மட்டும்..." "தெரியும், கொத்தாப் புடிச்சிட்டேன்." அவர் சிரித்தது முதுகில் தெரிந்தது. தொட்டபெட்டா ஜங்ஷன் தாண்டி இறக்கத்தில் பனி விலகி ஊட்டியின் தகரக் கூரைகள் தெரிய ஆரம்பித்தபோது, அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள், அல்லது முடிவு அவளுக்கு வந்திருந்தது: தெரிந்தால் தெரியட்டும், தெரியாவிட்டால் இந்தக் கைக்கு நான் இருக்கிறேன், பாக்கெட் இருக்கிறது. இந்த மாதிரி இன்னும் பத்து ஜனவரி வரட்டும். இருபது வரட்டும். நினைத்து முடிப்பதற்குள் பயம் திரும்பி வந்துவிட்டது, எனக்கு ஏதாவது ஆனால் இந்தக் கை யார் பாக்கெட்டில் இருக்கும், அதையும் நினைத்தாள், பயத்தை ஓரமாக உட்கார்த்திவைத்துவிட்டு வண்டியை ஓட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது குளிர் காற்றால்தான், பாதி.

பிசியோதெரபி நடக்கிற கட்டிடத்தின் முற்றத்தில் வெயில் அப்போதுதான் ஒரு மூலைக்கு வந்திருந்தது. அந்த மூலையில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். காது ஓய்ந்தது. மணி எட்டு இருபது. விரல்களைப் பிரேக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். "எறங்குங்க, வந்தாச்சு" என்றாள்.

அவர் இறங்கவில்லை. கால் மரத்துவிட்டதோ என்று திரும்ப முயன்றாள், ஹெல்மெட் இடித்தது, அவர் முகம் தெரியவில்லை, அவருக்கும் இவளுடைய முதுகுதான் தெரிந்திருக்கும்.

"என்னங்க?"

"இரு புள்ள" என்றார் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. "இங்க சூடா இருக்கு."

லோகநாயகி அசையவில்லை. பாக்கெட்டுக்குள் அந்தக் கையைத் தவிர இப்போது வேறு ஒன்றும் இல்லை. எங்கே சூடா இருக்கு என்று கேள்வி வாய் வரை வந்தது, உதட்டை மடித்துக்கொண்டாள். கை மெதுவாக, தானாக, பாக்கெட்டின் அடிப்பக்கம் வரை போய் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது, பூனை இடம் பார்த்துப் படுப்பது போல. அதற்கு மேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. காலையிலிருந்து நிற்காமல் ஓடிய மனசு முற்றத்து வெயிலில் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஜெசிந்தா வெளியே வந்தாள், ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டே இவர்களைப் பார்த்து, "ஆன்ட்டி, வாங்க, அங்கிளைக் கூட்டிட்டு வாங்க, ரெடியா இருக்கேன்" என்றாள்.

லோகநாயகி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள்.